மீன் பட்டியலும் கடைசிக் காற்புள்ளியும்

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் மீன் வாங்கும் கம்பெனி ஒன்றுக்கு ஏலக் கணக்குக்கான கணினி நிரலைப் பைத்தான் மொழியில் எழுதிக் கொடுத்தேன். அதில் அடிக்கடி கை வைக்க வேண்டிய இடம் மீன் பெயர்ப் பட்டியல்தான். மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரே வரி:

மீன்கள் = ["சீலா", "பாறை", "சூடை", "கணவாய்"]

நாலைந்து பெயருக்கு இது போதும். இருபதைத் தாண்டினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும், எது விடுபட்டது என்று கண்ணால் தேட முடியாது.

அடுத்தது, "சீலா பாறை சூடை கணவாய்" என்று ஒரே சரமாக, அதாவது மேற்கோள் குறிக்குள் ஒரே எழுத்துத் தொடராக எழுதி, ஸ்ப்ளிட் (split) கட்டளை கொடுத்து இடைவெளி வரும் இடமெல்லாம் பிரிப்பது. பெர்ல் மொழியில் இதற்கென்றே க்யூடபிள்யூ (qw) என்ற குறியீடு இருக்கிறது. ஏலத்தில் துண்டுச் சீட்டில் எழுதுவதுபோல, குறிகள் இல்லாமல் படிக்கச் சுகமான முறை, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் "சிங்கி இறால்" வந்ததும் சிங்கி தனி, இறால் தனி என்று இரண்டு மீனாகிவிட்டது. அடிக்கோடு போட்டு ஒட்டலாம்தான். அப்புறம் சீட்டு அச்சாகும் இடமெல்லாம் அந்தக் கோட்டை எடுக்க வேண்டும். இடைவெளி இல்லாத பெயர்கள் மட்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் இதையே எடுங்கள். மீன் பெயருக்கு ஆகாது.

மூன்றாவது, வரிக்கு ஒரு பெயர். இதிலும் ஒரு முறை அடி வாங்கினேன். கடைசி வரியான "கணவாய்" பக்கத்தில் காற்புள்ளி இல்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு படகுகள் போனபோது, அதன் கீழே "நண்டு" என்று அவசரமாகச் சேர்த்தேன். பைத்தான் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சரங்களைத் தானாக ஒட்டிவிடும், பிழை என்று சொல்லாது. பட்டியலில் "கணவாய்நண்டு" என்று ஒரு மீன் வந்தது. கணவாயும் இல்லை, நண்டும் இல்லை. மாலையில் கணக்கு உதைத்தபோதுதான் தெரிந்தது. இப்போது இப்படித்தான்:

மீன்கள் = [
    "சீலா",
    "சிங்கி இறால்",
    "கணவாய்",
    "நண்டு",
]

கடைசிப் பெயருக்குப் பின்னாலும் காற்புள்ளி. புது மீன் சேர்த்தால், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் ஒரே ஒரு வரிதான் மாறியதாகக் காட்டும், மேல்வரியைத் தொடவே வேண்டாம். கோ மொழியில், மூடும் அடைப்புக்குறி தனி வரியில் இருந்தால், இந்தக் காற்புள்ளி கட்டாயம்; விட்டால் நிரல் தொகுப்பே (கம்பைல்) ஆகாது. அந்தக் கண்டிப்பு பைத்தானிலும் இருந்திருந்தால் எனக்கு அந்த மாலை மிஞ்சியிருக்கும். தகவலைச் சேமிக்கும் ஜேசன் (JSON) கோப்பில் மட்டும் கடைசிக் காற்புள்ளி பிழை, அங்கே போடக் கூடாது.

சரி, பட்டியலைத் திரும்பச் சரமாக்கி வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது? பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் சுழற்சிக்குள் (லூப்) ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் காற்புள்ளியும் இடைவெளியும் சேர்த்து, கடைசியில் இரண்டு எழுத்தை வெட்டுவது ஒரு வழி. பெயர்களுக்கு நடுவில் மட்டும் காற்புள்ளி வைத்து ஒட்டும் ஜாயின் (join) கட்டளை இன்னொரு வழி. இதில் யோசிக்கவே வேண்டாம், ஜாயின்தான். ஜாவா மொழியிலும் 2014-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து அது இருக்கிறது. காற்றடித்துப் படகே போகாத நாளில் பட்டியல் காலியாக இருக்கும். அன்று ஜாவாவில் அந்த வெட்டு, இல்லாத எழுத்தை வெட்டப் போய் நிரலையே நிறுத்திவிடும். ஜாயின் காலிச் சரத்தைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.