ஓட்டி வந்தீர்களா, தள்ளி வந்தீர்களா: ஸ்போக் சக்கரத்துடன் ஐந்தரை ஆண்டுகள்

பண்ருட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் 350 சிசி வண்டி வாங்க முன்பணம் கட்டும் நிலையில் இருக்கிறார். கம்பிகள் கோத்த ஸ்போக் சக்கரமா, ஒரே வார்ப்பாக வரும் அலாய் சக்கரமா என்பது மட்டுமே அவருடைய கேள்வி. கேள்வி வந்த நேரம்தான் சரியில்லை. சென்ற சனிக்கிழமை இரவு புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைப் பக்கம் போய்ப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு (கடலூர்க்காரர்கள் எதற்காக எல்லை தாண்டுகிறோம் என்பது ஊரறிந்த செய்தி) திரும்புகையில், பெண்ணையாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னதாகப் பின்சக்கரம் அமுங்கி வண்டி நெளிந்தது. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போனவன், புது டியூபுக்கும் கூலிக்குமாக 650 ரூபாய் கொடுத்துவிட்டு வீடு சேர்ந்தேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். ஓட்டம் 61,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதுவரை பதினொரு பஞ்சர். அவற்றில் ஒன்பது பின்சக்கரத்தில். இதில் வியப்பில்லை, படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் கிளப்பிவிட, நிமிர்ந்த ஆணியின் மேல் பின்சக்கரம் ஏறுகிறது. நான்குவழிச் சாலை வேலை மும்முரமாக நடந்த நாட்களில் கட்டுக்கம்பித் துண்டுகளுக்கும் குறைவில்லை. ஆகவே பஞ்சர் ஆனதற்காக வண்டியின் மீது எனக்குக் கோபமில்லை. பஞ்சர் ஆன பிறகு அது நடந்துகொள்ளும் விதத்தில்தான் கோபம்.

என் வண்டியின் ஸ்போக் சக்கரத்தில் டயருக்குள் காற்றைப் பிடித்து வைப்பது தனி டியூப்; நண்பர் கேட்கும் அலாய் சக்கரத்தில் டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால், பெரும்பாலும் அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்று மெல்ல இறங்கும். அடுத்த கடைவரை போய்விடலாம். டியூபில் அப்படியில்லை. வெளியேறும் காற்று ரிம்மில் ஸ்போக் பொருந்தியிருக்கும் துளைகள் வழியாகவும் வால்வைச் சுற்றியும் எளிதில் போய்விடுகிறது. காற்றில்லாத டயர் ரிம்மைப் பிடித்து நிற்காமல் வழுக்கிச் சுழல்கிறது, கூடவே டியூபையும் இழுக்கிறது. வால்வோ ரிம் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த இழுபறியில் கிழிவது வால்வின் அடிக்கழுத்து. ‘மவுத் போய்விட்டது’ என்று பஞ்சர் கடைகளில் சொல்வது இதைத்தான். டியூபின் உடம்பில் எங்கே ஓட்டை விழுந்தாலும் ஒட்டிவிடலாம், மவுத் கிழிந்த டியூபை ஒட்ட முடியாது. எனவேதான் நான் போகும் கடைக்காரர், வண்டியை நிறுத்துவதற்குள்ளாகவே, “ஓட்டிட்டு வந்தீங்களா சார், தள்ளிட்டு வந்தீங்களா?” என்று கேட்கிறார். பதினொரு முறையில் மூன்று முறை நான் உண்மையைச் சொல்லவில்லை. மூன்று முறையும் டியூப் சொல்லிவிட்டது. அதன்பின் அவர் சொல்லித்தான், வால்வின் வெளிநட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடிப் பக்கமாக ஏற்றி வைத்திருக்கிறேன். டயர் நகர்ந்தால் வால்வு சாய்ந்து நின்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

அந்தக் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை வேறொரு கடையில் ஒட்டிய பஞ்சர், மறுநாளே அதே இடத்தில் மீண்டும் ஆனது. ஒட்டு சரியில்லை என்று அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே இவரிடம் வந்தேன். இவர் டியூபைத் தொட்டியில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தைப் பார்த்ததும், டியூபை ஒதுக்கி வைத்துவிட்டு டயரை எடுத்தார். பழைய பருத்தித் துணியொன்றை டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாகச் சுற்றித் தேய்க்க, ஓரிடத்தில் துணி சிக்கியது. கைக்கு அகப்படாத, தலைமுடி கனமே உள்ள இரும்புக் கம்பியிழை ஒன்று அங்கே நின்றிருந்தது. குறட்டால் அதைப் பிடுங்கிய பிறகே சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். முந்தைய ஒட்டில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் டியூபுக்கும் சாதகங்கள் உண்டு. ஒழுங்காக உரசி, சொல்யூஷன் காய்ந்த பிறகு ஒட்டிய பேட்ச் என் டியூபில் ஒருமுறைகூடக் கசிந்ததில்லை. தம்பியின் வண்டியில் டியூப்லெஸ் டயரின் ஓட்டையை அடைக்கக் குத்திய ரப்பர் சரடோ மாதம் ஒருமுறை காற்றடிக்க வைக்கிறது. ஸ்போக் ரிம் பள்ளத்தில் விழுந்து வளைந்தால் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம், விரிசல் விட்ட அலாயை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மழைக்குப் பிந்தைய கடலூர்ச் சாலைகளில் இந்த வண்டி குலுக்காமல் போவது போல நண்பர்களின் வண்டிகள் எதுவும் போவதில்லை. சக்கரத்தைத் துடைத்து நிறுத்தினால் அழகு வேறு!

பஞ்சரைத் தடுக்கும் திரவம் ஊற்றினால் போதும் என்று ஒரு மெக்கானிக் சொன்னதைக் கேட்டு ஊற்றியும் பார்த்தேன். டியூபில் அது எனக்கு ஒரு பஞ்சரையும் தடுக்கவில்லை. அடுத்த பஞ்சரில் டியூப் முழுக்கப் பசை வழிந்து, பேட்ச் ஒட்டாமல், கடைக்காரர் முகம் சுளித்ததுதான் மிச்சம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு நண்பருக்கு நான் சொன்ன பதில், அலாய் வாங்குங்கள் என்பதே. அவர் இரவுப் பணி முடிந்து நெல்லிக்குப்பம் சாலையில் திரும்புகிறவர். அந்த நேரத்தில் டியூபைக் கழற்றி ஒட்டித்தர யாரும் கடை திறந்து வைத்திருக்கப் போவதில்லை. “அப்படியானால் உங்கள் வண்டிக்கும் அலாய் மாட்டிவிடுவீர்களா?” என்று கேட்டார். விலை அதிகம் என்று சொல்லி நழுவினேன், ஆனால் விலையைக்கூட நான் விசாரித்ததில்லை.

சனிக்கிழமை சக்கரத்தைக் கழற்றியபோது, பின் டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை தெரியத் தொடங்கிவிட்டதைக் கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டினார். மாதக் கடைசியில் டயர் மாற்ற வேண்டும். சென்ற முறை அவசரத்தில் வாங்கி, இரண்டு ஆண்டுகள் கிடங்கில் கிடந்த டயரைத் தலையில் கட்டிக்கொண்டேன். இம்முறை பக்கவாட்டிலுள்ள நான்கிலக்க எண்ணைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பேன்; 4322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 43ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கூடவே ஒரு டியூபும் வாங்கிப் பக்கப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டும்.