முப்பது சதவீத அடைப்பும் கொழுக்கட்டைத் தோலும்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமா ஆஞ்சியோ எடுத்துவிட்டு வந்தார். “முப்பது சதவீதம்தான் தம்பி, தப்பிச்சேன்” என்றார். அந்த முப்பதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

ஆஞ்சியோ, இதயக் குழாயில் ரத்தம் ஓடும் வழியைத்தான் காட்டும், குழாயின் சுவரைக் காட்டாது. கொழுப்பு படியப் படியக் குழாய் வெளிப்பக்கம் உப்பி இடம் கொடுத்துவிடும். ஏறக்குறைய 40 சதவீதம் படியும்வரை வழி குறுகாமலே இருக்கலாம் என்று 1987இலேயே கிளாகோவ் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் காட்டிவிட்டார்.

ஆபத்தான படிவு கொழுக்கட்டை மாதிரி. உள்ளே கொழுப்புப் பூரணம், மேலே மெல்லிய தோல். தோல் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைக்கும். 65 மைக்ரானுக்கு (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இருந்தால் மெலிந்த தோல் என்பது கணக்கு.

அதை அளக்க, குழாய்க்குள் நுழைத்துப் படமெடுக்கும் ஓ.சி.டி.தான் கெட்டிக்காரன். ஒளியை வைத்து 10, 20 மைக்ரான்வரை பிரித்துக் காட்டும். ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாது. படமெடுக்கும் நொடிகளில் ரத்தத்தை விலக்கச் சாயமருந்து செலுத்த வேண்டும், சிறுநீரகம் தளர்ந்து கிரியேட்டினின் ஏறியவருக்கு அது தலைவலி. ஒலியலையில் ஓடும் ஐவஸ் நேர் எதிர்: சுவர் முழுக்கத் தெரியும், வழக்கமான கருவியில் அவ்வளவு மெல்லிய தோல் தெரியாது. அகச்சிவப்புக் கருவி பூரணத்தை மட்டும் மோப்பம் பிடிக்கும். எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லத் தெரியாததால் ஐவஸோடு ஒரே குழலில் சேர்த்துவிட்டார்கள்.

கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதுமா? 2011இல் வெளிவந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வில், மெலிந்த தோல் என்று ஐவஸின் மேம்பட்ட வகை ஒன்று கணித்த 595 இடங்களில் மூன்று வருடத்துக்கும் மேலாகப் பார்த்தும் 26 மட்டுமே தொல்லை கொடுத்தன. மேலும் இவை மூன்றுமே இதயக் குழாய்க்குள் நுழைந்து செய்பவை. சும்மா பார்த்துவைப்போம் என்று யாரும் செய்துகொள்ள மாட்டார்கள்.

வெளியிலிருந்தே பார்ப்பதில் என் ஓட்டு, சாயமருந்தை ஊசியில் ஏற்றி ஸ்கேனில் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவுக்கு. மென்மையான படிவும் ஓரளவு தெரியும். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலிக்காரர்களிடம் நடந்த ஆய்வில், வழக்கமான பரிசோதனைகளோடு இதையும் சேர்த்துச் செய்தவர்களில் ஐந்து வருடத்தில் மாரடைப்போ இதயநோய் மரணமோ கண்டவர்கள் 2.3 சதவீதம், மற்றவர்களில் 3.9. படத்தைப் பார்த்து மருந்தைச் சரியாகத் தொடங்கியதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

படிவில் ஏறிய சுண்ணாம்பை சி.டி.யில் கணக்கிடும் கால்சியம் ஸ்கோருக்கு ஊசி வேண்டாம், சட்டென்று முடியும். அறிகுறி இல்லாதவருக்கு அது போதும். ஆனால் சுண்ணாம்பு ஏறிய பழைய படிவைத்தான் எண்ணும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்டால் ஸ்கோர் கூடவும் செய்யும், பயப்படத் தேவையில்லை.

“அப்ப நானும் சி.டி. எடுக்கட்டுமா?” என்றார் மாமா. படிவு இருப்பது தெரிந்துவிட்டதே, ஸ்டேட்டினைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். சரி என்றார். அப்புறம் சிகரெட்டைப் பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.