டெசராக்ட்: படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கட்டற்ற மென்பொருள்

வருடி எடுத்த பழைய புத்தகப் பக்கங்களையும் கைப்பேசியில் பிடித்த ஆவணப் படங்களையும் தேடவும் திருத்தவும் கூடிய உரையாக மாற்ற விரும்புவோர் முதலில் நிறுவிப் பார்க்க வேண்டிய மென்பொருள் டெசராக்ட் என்பதே என் கருத்து. ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் உருவாகி, 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட இது, 2018இல் வந்த நான்காம் பதிப்பு முதல் எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு வரி வரியாகப் படிக்கிறது. இணைய இணைப்பு தேவையில்லை என்பதால், பத்திரம், மருத்துவ அறிக்கை போன்ற அந்தரங்க ஆவணங்களை வெளியார் எவருக்கும் அனுப்பாமல் நம் கணினியிலேயே வேலையை முடித்துவிடலாம். இதற்காகவே நான் இதை விரும்புகிறேன்.

தமிழுக்கான தரவுக் கோப்பைத் தனியே சேர்க்க வேண்டும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் நேராக வருடப்பட்ட தெளிவான அச்சுப் பக்கமாக இருந்தால், கிடைக்கும் உரை மெய்யாகவே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் துணைக்காலும் ரகரமும் தோற்றத்தில் நெருங்கியிருப்பதால் ஒன்று மற்றொன்றாகிவிடுவதுண்டு. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில், பழைய வடிவ ணை, லை, றா, னா வரும் இடங்களில் பிழைகள் கூடுகின்றன. ஆகவே மெய்ப்புப் பார்க்காமல் அந்த உரையை எங்கும் பயன்படுத்தக் கூடாது. கையெழுத்துக்கு இது உகந்ததன்று.

கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்வதன் மூலம், இயங்குவது புதியவர்களைத் தயங்க வைக்கும். அவர்கள் ஜிஇமேஜ்ரீடர் என்னும் முகப்பை நிறுவிக்கொண்டால், வேண்டிய பகுதியை மட்டும் சுட்டியால் கட்டமிட்டு உரையாக்கலாம். இரண்டு பத்திகளாக அச்சான இதழ்ப் பக்கங்களுக்கு இவ்வசதி பேருதவியாக இருக்கிறது.