டெம்ப்ளேட் அழகுதான், தமிழ் எழுதும்வரை

"அண்ணே, நீங்க ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, அந்த ஸ்லைடு டிசைன் சைட்டுக்கு இப்போ ஆஃபர் போட்டிருக்காங்க. வருஷச் சந்தா எடுக்கலாமா?" என்று தம்பி ஒருவன் கேட்டான். ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவன் கேட்ட வாரம் அந்தத் தளத்தோடு எனக்குச் சரியான மல்லுக்கட்டு, அதனால் பதில் நீண்டுவிட்டது. தளத்தின் பெயர் வேண்டாம். டெம்ப்ளேட் (முன்கூட்டியே வடிவமைத்து வைத்த மாதிரி ஸ்லைடு) எத்தனை, விலை என்ன என்பதெல்லாம் அவர்கள் விளம்பரத்திலேயே இருக்கிறது.

என் வேலை மகளிர் குழுக்களுக்கும் விவசாயிகள் கூட்டங்களுக்கும் பயிற்சி ஸ்லைடு செய்வது. முழுக்கத் தமிழில். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆங்கிலத்தில் ஸ்லைடு போடுகிறவர்களுக்கு என் புலம்பலில் பாதி பொருந்தாது.

முதல் எரிச்சல், இன்றுவரை தீராத எரிச்சல், வரி இடைவெளி. டெம்ப்ளேட்டில் தலைப்புப் பெட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? ஆங்கிலப் பெரிய எழுத்தில் இரண்டு சொல், நல்ல தடிமனில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அந்த எழுத்துகள் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே உயரம், கீழே வால் இல்லை, மேலே கொக்கி இல்லை. அதனால் இடைவெளியை 0.9 வரை இறுக்கினாலும் கம்பீரமாகத்தான் நிற்கும். அதே பெட்டியில் 'மகளிர் குழு' என்று ஒரு வரி, கீழே 'நிதி நிலை' என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். மேலே 'ழு'வின் சுழி இறங்கி வரும், கீழே 'நி'யின் கொக்கி ஏறி வரும், இரண்டும் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். புரொஜெக்டரில் பெரிதாகப் பார்க்கும்போது அச்சுப்பிழை மாதிரியே தெரியும்.

சரி, இடைவெளியை 1.2 ஆக்கினால் தீர்ந்ததா? இல்லை. பெட்டி வளர்ந்து கீழே இருக்கும் படத்தின் மேல் ஏறும். படத்தைத் தள்ளினால் அதன் விளக்கவரி ஸ்லைடுக்கு வெளியே போகும். ஒவ்வொரு ஸ்லைடிலும் இதே கூத்து. எழுத்துருவையும் நிறங்களையும் ஒருமுறை சேமித்து வைக்கலாம், எல்லா ஸ்லைடுக்கும் வரும். வரி இடைவெளியை மட்டும் அப்படிச் சேமிக்க வழியில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது எழுத்துகளை விலக்கி வைக்கும் மோகம். சின்ன உபதலைப்பு என்றாலே எழுத்துக்கு எழுத்து இடம்விட்டுப் பரப்பி வைக்கிறார்கள். அதில் 'பொருள்' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், 'ப' ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பாகப்பிரிவினை நடந்த வீடு மாதிரி நிற்கும். தமிழ் எழுதும் பெட்டியில் அந்த அளவைப் பூஜ்யமாக்குவதுதான் எப்போதும் என் முதல் வேலை.

போலித் தடிமனும் உண்டு. ஒரே ஒரு தடிமனில் மட்டும் வந்திருக்கும் எழுத்துருவுக்கு 'போல்டு' பொத்தானை அழுத்தினால், மென்பொருள் தானே கோட்டை உப்ப வைக்கும். 'ணை', 'இ', 'ஞ' போன்ற எழுத்துகளின் உள்சுழிகள் அடைத்துப்போய்க் கறுப்புப் பொட்டாகிவிடும். முக்தா மலர் என்ற எழுத்துருவில் ஏழு தடிமன்கள் இருக்கின்றன, கட்டமரனில் ஒன்பது. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். இதை எழுதும்போதே நினைத்துக்கொள்கிறேன், இந்த எழுத்துருக்களைப் பயன்படுத்தச் சந்தாவே தேவையில்லை.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது. நூறு சின்ன வட்டங்களைப் பத்துக்குப் பத்தாக அடுக்கும் ஒரு வசதி இந்தத் தளத்தில் இருக்கிறது. ஐகானைத் தேர்ந்தெடுத்து, எத்தனை நிறம் மாற வேண்டும் என்று எண்ணைக் கொடுத்தால் போதும். வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுக்க அதை எடுத்தேன். ஊரில் 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். காதில் விழும்போது சின்னதாகத்தான் இருக்கும். வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று பக்கத்தில் சொன்னால், மூன்றைவிடப் பன்னிரண்டு பெரிது என்றே பலர் நினைப்பார்கள். இடதுபக்கம் நூறு நாணயம், அதில் 12 சிவப்பு. வலதுபக்கம் நூறு நாணயம், மாதம் மூன்று வீதம் ஆண்டுக்கு 36 சிவப்பு. மேலே 'வங்கி', 'மூணு வட்டி' என்ற தலைப்புகள் தவிர வேறு எழுத்தே கிடையாது. அந்த ஸ்லைடு வந்ததும் கூட்டத்தில் ஓர் அம்மா, "இம்புட்டா குடுத்துக்கிட்டு இருக்கோம்?" என்றார். அப்புறம் ஆளாளுக்கு எழுந்து வந்து திரையைப் போட்டோ எடுத்தார்கள். கையால் வட்டம் வட்டமாக அடுக்கினால் ஒரு மாலைப் பொழுது போய்விடும். இதில் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

நிறப் பொருத்தத்தையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தளத்தின் முகப்பில் மினுக்கும் கருப்புப் பின்னணி டெம்ப்ளேட்டுகளை நம்பாதீர்கள். புரொஜெக்டரால் கருப்பைப் பாய்ச்ச முடியாது, ஒளி விழாத இடம்தான் கருப்பு. டியூப்லைட் எரியும் சமுதாயக் கூடத்தில் அந்த இடத்திலும் அறை வெளிச்சம் விழுவதால் அது சாம்பலாகத்தான் தெரியும். அதன்மேல் மெல்லிய சாம்பல் எழுத்து என்றால் பின்வரிசைக்கு ஒன்றுமே தெரியாது. வெள்ளைப் பின்னணி, கருநீல எழுத்து, தடிமன் கொஞ்சம் கூட. அழகுப் போட்டியில் பரிசு கிடைக்காது, ஆனால் படிக்க முடியும்.

பல கூடங்களில் இன்னும் 4:3 அளவு (அகலம் 4 என்றால் உயரம் 3) பழைய புரொஜெக்டர்கள்தான். டெம்ப்ளேட்டுகளோ 16:9. பவர்பாயின்ட்டும் 2013 பதிப்பிலிருந்து இயல்பாகவே 16:9தான் திறக்கும். அதைப் பழைய புரொஜெக்டரில் போட்டால் மேலும் கீழும் பட்டை விழுந்து உயரத்தில் கால்வாசி வீணாகும். எழுத்து 30 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது என்று அமெரிக்க எழுத்தாளர் கை கவாசாகி சொன்னது நல்ல விதிதான். அவர் 'மேற்கொள்ளப்பட்டுள்ளது' என்று ஒரு சொல்லை ஸ்லைடில் எழுதிப் பார்த்திருக்க மாட்டார். அந்த மாதிரி சொற்களை நானே விட்டுவிட்டேன். 'செய்தோம்' போதும்.

பவர்பாயின்ட் கோப்பாக இறக்கிக் கொடுப்பது தனிக் கதை. கூடத்துக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், வரிகள் உடையும். அந்தக் கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப்தான். பிரித்து, நிறம், எழுத்துரு அமைப்புகள் இருக்கும் தீம் கோப்பைப் பார்த்தால் மொழிவாரியாக எழுத்துருப் பட்டியல் இருக்கும், வழக்கமான ஆஃபிஸ் தீமில் தமிழுக்கு நேரே லதா என்று எழுதியிருக்கும். விண்டோஸ் 10 முதல் லதா தனியாகச் சேர்க்க வேண்டிய எழுத்துருவாகிவிட்டது, கூடவே வருவது நிர்மலா. விண்டோஸ் பவர்பாயின்ட்டில் 'ஆப்ஷன்ஸ்' போய் 'சேவ்' பகுதியில் எழுத்துருக்களைக் கோப்போடு பொதியும் வசதி இருக்கிறது, அதை டிக் செய்துவிடுங்கள். கூடவே பென் டிரைவில் ஒரு பிடிஎஃப். அனிமேஷன் போகும், எழுத்து போகாது.

தம்பி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எடுக்காதே. பவர்பாயின்ட்டிலோ லிப்ரே ஆஃபிஸிலோ எல்லா ஸ்லைடுக்கும் அச்சாக இருக்கும் ஒரு மாஸ்டர் ஸ்லைடு செய்து, முக்தா மலரை வைத்து, இடைவெளி 1.2 என்று ஒரே தடவை அமைத்துவிட்டால் உனக்கு அதுவே தாராளம். நீ மாதத்துக்கு ஒரு ஸ்லைடு கோப்பு போடுகிற ஆள். என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது, நான் கட்டிவிடுவேன். அந்த நூறு வட்டத்துக்காக மட்டும்தான். இது நியாயமான தீர்ப்பா என்று கேட்காதே.

இத்தனைக்கும் பிறகு ஆஃபரில் எடுத்தே தீருவாய் என்றால், பணம் கட்டிய அன்றே ஆட்டோ ரின்யூவலை அணைத்துவிடு. இரண்டாம் வருஷம் முழு விலை. அந்தப் பொத்தான் 'பில்லிங்' பக்கத்தில் கடைசியில், சின்ன எழுத்தில் இருக்கும்.