நான்கு குப்பிகளில் கிராம் சாயம்: ஒரு பருவம் பயன்படுத்திய பின்

கல்லூரியில் இளநிலை நுண்ணுயிரியல் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கும் நான், பாக்டீரியாவை ஊதாவாக நிற்பவை (கிராம் பாசிட்டிவ்), இளஞ்சிவப்பாக மாறுபவை (கிராம் நெகட்டிவ்) என இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றத்துக்கென ஆயத்தமாக விற்கப்படும் பெட்டி ஒன்றை இந்தப் பருவம் முழுவதும் ஆய்வகத்தில் பயன்படுத்தினேன். ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலட், அயோடின், நிறநீக்கி, இளஞ்சிவப்பு நிறம் தரும் சாஃப்ரனின் ஆகியவை 125 மில்லிலிட்டர் குப்பிகளில் இருந்தன. கூடவே ஒரு தாளில் செய்முறைக் குறிப்பும் இருந்தது. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் விற்பதாலும், நான் கண்ட குறைகள் எந்தப் பெட்டியிலும் இருக்கக்கூடியவை என்பதாலும் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

முதலில் நிறைவளித்ததைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் நாங்களே 2 கிராம் கிரிஸ்டல் வயலட்டை 20 மில்லிலிட்டர் 95 விழுக்காடு எத்தனாலில் கரைத்து, 0.8 கிராம் அம்மோனியம் ஆக்சலேட்டை 80 மில்லிலிட்டர் நீரில் கரைத்துச் சேர்த்து, ஒரு நாள் வைத்திருந்து வடிகட்டுவோம். வடிகட்டுவதில் சிறிது அசட்டையாக இருந்தாலும் சாயத் துகள்கள் ஸ்லைடில் படிந்துவிடும். புதிதாகப் பார்க்கும் மாணவர்கள் அவற்றையே கோள வடிவ பாக்டீரியா என்று வரைந்து கொண்டுவருவார்கள். இந்தப் பெட்டியின் கிரிஸ்டல் வயலட்டில் பருவம் முடியும்வரை அப்படி ஒரு படிவைக்கூட நான் பார்க்கவில்லை. இந்தக் குப்பிக்காகவே பெட்டியை வாங்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அயோடினும் தரமானதுதான், ஆனால் அதை நிறமற்ற பிளாஸ்டிக் குப்பியில் அடைத்திருப்பது சரியன்று. செல்லுக்குள் புகுந்த சாயத்தோடு இணைந்து பெரிய கூட்டுப்பொருளாக அதை இருத்தி வைப்பதே அயோடினின் வேலை. ஒளியும் காற்றும் பட்டு அது வலுவிழந்தால், வெளியேறக் கூடாத செல்லிலிருந்தும் சாயம் வெளியேறிவிடும். காப்பி டிகாக்‌ஷன் போல இருந்த கரைசல் மூன்றாம் மாதத்தில் வெளிறத் தொடங்கியதால், பழுப்புக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி அலமாரிக்குள் வைத்தோம்.

என் முதன்மையான குறை நிறநீக்கியைப் பற்றியது. முதல் வகுப்பில் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸைக் கொடுத்து, குறிப்புத் தாளில் உள்ளபடியே செய்யச் சொன்னேன். பூச்சை உலர்த்தி, சுடரில் இருமுறை காட்டி நிலைப்படுத்தி, கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், நிறநீக்கி 30 விநாடி, சாஃப்ரனின் ஒரு நிமிடம் என்று அனைவரும் பிசகாமல் செய்தார்கள். ஊதாவாகத் தெரிய வேண்டிய திராட்சைக் கொத்துகள் ஏறக்குறைய எல்லா ஸ்லைடுகளிலும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. ‘கிராம் நெகட்டிவ் கோளங்கள்’ என்று மாணவர்கள் எழுதினார்கள். கண்ணால் கண்டதை எழுதிய அவர்களைக் குறைகூற முடியாது.

வளர்ப்பு பழையதோ என்ற ஐயம் முதலில் எழுந்தது, ஏனெனில் வயதான செல்களின் சுவர் சிதைந்து சாயத்தை விட்டுவிடும். ஆகவே 18 மணி நேரமே ஆன புதிய வளர்ப்பை எடுத்தேன், முடிவு மாறவில்லை. வேறு பாக்டீரியா கலந்துவிட்டதா என்று அறிய, 3 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளியில் சிறிது வளர்ப்பைக் குழைத்து, லூப்பை (நுனி வளைந்த கம்பியை) தூக்கிப் பார்த்தேன். கிராம் நெகட்டிவ் செல்லாக இருந்தால் சுவர் கரைந்து, டி.என்.ஏ. வெளிப்பட்டு, கோந்து போல இழையாக எழும். இங்கே இழை எதுவும் எழவில்லை. அதன் பிறகே குப்பியின் பொடி எழுத்துகளைப் படித்தேன். உள்ளே இருந்தது வெறும் எத்தனால் அன்று, அசிட்டோனும் எத்தனாலும் கலந்த கரைசல். எத்தனாலைவிடப் பன்மடங்கு விரைவாக அசிட்டோன் சாயத்தை நீக்கும். அதற்கு 30 விநாடி கொடுத்தால் எந்தச் செல்லிலும் ஊதா மிஞ்சாது. அது எளிதில் தீப்பற்றும் என்பதால் ஸ்பிரிட் விளக்கை அணைத்த பிறகே திறக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் தாளில் இல்லை.

இதைச் சிறு அச்சுப் பிழை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. 1884-இல் பெர்லினில் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் இம்முறையை வெளியிட்டபோது சாஃப்ரனின் அதில் இல்லை. அதைப் பிறர் பின்னர் சேர்த்தார்கள். எத்தனாலில் கழுவியபோது சில பாக்டீரியா சாயத்தை விடவில்லை, சில விட்டுவிட்டன என்பதே அவர் கண்டது. கிராம் பாசிட்டிவ் செல்லில் 20 முதல் 80 நானோமீட்டர்வரை தடித்திருக்கும் பெப்டிடோகிளைக்கன் சுவர் நீரிழந்து இறுகிச் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. கிராம் நெகட்டிவ் செல்லில் வெளிச்சவ்வின் கொழுப்பு கரைந்து, மெல்லிய சுவர் வழியே சாயம் வெளியேறிவிடுகிறது. இந்த வேறுபாடு சில விநாடிகளுக்குள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அந்த விநாடிகளையே பிழையாக அச்சிட்ட தாள், மாணவருக்கு இம்முறையின் மையத்தையே தவறாகக் கற்பிக்கிறது.

அடுத்த வகுப்பிலிருந்து ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, நிறநீக்கியைத் துளித்துளியாக விட்டு, வழியும் நீர்மத்தில் ஊதா நின்றவுடன் நீரில் கழுவச் சொன்னேன். மூன்று முதல் ஐந்து விநாடி போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு ஸ்லைடின் ஒரு முனையில் ஸ்டாஃபிலோகாக்கஸும் மறுமுனையில் கிராம் நெகட்டிவான ஈ. கோலையும் பூசி, நடுவில் சோதனைக்குரியதைப் பூசும் வழக்கத்தையும் கட்டாயமாக்கினேன். இப்படி முடிவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு ஸ்லைடுகள் இரண்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் என் முதல் வகுப்பு வீணாகியிருக்காது.

சாஃப்ரனின் ஈ. கோலைக்குத் தெளிவான நிறம் தந்தது. கேம்பிலோபேக்டர் போன்ற சில கிராம் நெகட்டிவ் பாக்டீரியா அதில் மங்கலாகவே தெரியும் என்பதால், மருத்துவ ஆய்வகத்தினர் கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தைத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது. நுண்ணோக்கியின் 100 மடங்கு லென்சுக்கும் ஸ்லைடுக்கும் இடையே விடும் இம்மர்ஷன் எண்ணெய் பெட்டியில் இல்லை.

முறை சரியான பிறகு வீட்டுத் தயிரையும் தோசை மாவையும் பார்த்தோம். தயிரின் கொழுப்பைச் சைலீனால் நீக்கிவிட்டுச் சாயமேற்றியபோது ஊதா நிறக் கோல்களும் சங்கிலிக் கோளங்களும் தெரிந்தன. மாவில் இணையாகவும் சிறு சங்கிலியாகவும் கோளங்கள் இருந்தன. அவற்றுக்கிடையே பன்மடங்கு பெரிய ஈஸ்ட் செல்களும் ஊதாவாகவே நின்றன. ஊதாவாகத் தெரிவதெல்லாம் பாக்டீரியா அன்று, அளவையும் பார்க்க வேண்டும் என்பதை மாணவர்கள் அந்த ஸ்லைடில்தான் புரிந்துகொண்டார்கள்.

விற்பனையாளருக்கு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. அடுத்த பருவத்துக்குக் கிரிஸ்டல் வயலட்டை மட்டும் இதே நிறுவனத்திடம் தனிக் குப்பியாகக் கேட்டிருக்கிறேன். நிறநீக்கியாக 95 விழுக்காடு எத்தனாலையே பயன்படுத்தப் போகிறோம்; அது 10 முதல் 15 விநாடி அவகாசம் தருவதால், முதன்முதலாக ஸ்லைடைப் பிடிக்கும் கை சற்றுத் தயங்கினாலும் ஊதா நிறம் தங்கும்.