டிக் ஆய்வுக்கு எது சரி: எலியா, சுண்டெலியா, குரங்கா?

குமரி மாவட்டத்தில் ஒரு பிள்ளை ஓயாமல் கண்ணை வெட்டினால் முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். கண்ணில் கோளாறு இல்லை என்றால் வீட்டில் கண்ணூறு கழிப்பார்கள். அப்புறம் தோள் குலுக்கலும் தொண்டைச் செருமலும் சேர்ந்துகொள்ளும். வகுப்பில் அது 'சேட்டை' ஆகி, பிள்ளை வாங்கிக் கட்டிக்கொள்ளும். இது டிக், மூளையின் சுற்றுகளில் வரும் கோளாறு என்று யாராவது சொல்வதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். பல அசைவு டிக்குகளும் குரல் டிக் ஒன்றாவதும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் டூரெட் நோய்க்குறி என்பார்கள். 1885-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜில் டெ லா டூரெட் ஒன்பது நோயாளிகளைப் பார்த்து அதை விவரித்தார்.

நாகர்கோவிலில் நான் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சாரே, பிள்ளையளுக்கு வாற இந்த நோய எலியில எப்படிப் பாக்குறது?" நியாயமான கேள்வி. அதற்குப் பல வழிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று போட்டியாக. பார்ப்பதற்கு டிக் போல இருக்கிறதா, மனிதனுக்கு வரும் அதே காரணத்தால் வருகிறதா, மனிதனுக்குக் கேட்கும் மருந்து அதற்கும் கேட்கிறதா என்ற மூன்றையும் வைத்துத்தான் அவற்றை எடைபோட வேண்டும்.

பார்வைக்கு அசல் டிக் போலவே இருப்பது பைகுகுலின் ஊசி வழி. மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்களை காபா என்ற வேதிப்பொருள் அடக்கி வைத்திருக்கிறது. பைகுகுலின் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். எலியின் ஸ்ட்ரையேட்டத்தில் ஒரு பொட்டு செலுத்தினால் போதும். சில நிமிஷத்தில் ஒரு பக்கத்து முன்கால் வெடுக்கென்று இழுக்கும், நிற்கும், மறுபடி அதே மாதிரி இழுக்கும். மருந்து வடிந்ததும் எலி பழையபடி மீசையைத் துடைத்துக்கொண்டிருக்கும். ஊசி இறங்கும் இடத்தை மாற்றினால் துடிக்கும் உறுப்பும் மாறுகிறது. சுசீந்திரம் குளத்தில் எந்த மடையைத் திறக்கிறோமோ அதன் கீழ் வயலுக்குத்தானே தண்ணீர் பாயும்? ஒரு பிள்ளைக்குக் கண்ணிலும் இன்னொரு பிள்ளைக்குத் தோளிலும் டிக் வருவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

இதையே 2009-இல் இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகக் குழு குரங்குகளில் செய்து காட்டியது. 2013-இல் வேறொரு குழு குரங்குகளில் பதிவு செய்து பார்த்தபோது, டிக் வரும் நேரத்தில் சிறுமூளையின் நரம்பணுக்களும் சேர்ந்து துடிப்பது தெரிந்தது. அதுவரை ஸ்ட்ரையேட்டத்தின் தலையிலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய திருப்பம். 2016-இல் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் பைகுகுலினைச் செலுத்தியதும் குரங்குகள் திரும்பத் திரும்ப உறுமின, குரல் டிக் போலவே. ஆனால் காரணம் என்ற தேர்வில் இந்த வழி தோற்றுப்போகிறது. எந்தப் பிள்ளையின் மூளைக்குள்ளும் யாரும் பைகுகுலின் ஊற்றுவதில்லை.

காரணத்தை நெருங்குவது இன்னொரு வழி. டூரெட் இருந்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, ஸ்ட்ரையேட்டத்தில் இருக்கும் சில வகை இடைநரம்பணுக்கள் (பக்கத்து நரம்பணுக்களுக்கு இடையில் நின்று அவற்றைக் கட்டுப்படுத்துபவை) குறைந்திருப்பது தெரிந்தது. அதில் ஒன்று அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் வகை. 2015-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு சுண்டெலிகளில் அந்த வகை அணுக்களில் ஏறக்குறைய பாதியை அழித்தது. சும்மா இருக்கும்போது சுண்டெலிக்கு ஒன்றும் இல்லை. பயமுறுத்தும் சூழலிலோ ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து கொடுத்தாலோதான் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தது. பரீட்சை நெருங்கும்போது கண் வெட்டு கூடுகிறது என்று பெற்றோர் சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள். குறை என்னவென்றால், வருவது வெடுக்கென்ற டிக் அல்ல, விடாத தேய்ப்பும் முகர்வும் போன்றது. அதைப் பார்த்து டிக் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

மரபணு வழியும் உண்டு. 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒரு குடும்பத்தில் தகப்பனுக்கும் எட்டுப் பிள்ளைகளுக்கும் டூரெட் இருந்தது. ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உருவாக்க உதவும் மரபணுவில் ஒரே பிழை அத்தனை பேருக்கும் இருந்தது. அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை டூரெட்டுக்காக ஆராய்ந்த முடிவு 2014-இல் வந்தது. காரணம் மனிதனிடமிருந்தே எடுத்தது என்பது பெரிய பலம், ஆனால் அந்தப் பிழை மிக மிக அரிது. காலரா நச்சின் ஒரு துண்டைச் சில நரம்பணுக்களில் புகுத்தி உருவாக்கிய சுண்டெலியும் இருக்கிறது. அதில் துடிப்பு இளம் வயதிலேயே வருகிறது, ஆணுக்குக் கூடுதலாக வருகிறது, டிக் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குளோனிடின் மருந்தைக் கொடுத்தால் குறைகிறது. நம் பிள்ளைகளின் கதைக்கு நல்ல பொருத்தம். காலரா நச்சுக்கும் நோய்க்கும்தான் சம்பந்தமே இல்லை.

டிஓஐ என்ற மருந்து கொடுத்துச் சுண்டெலியின் தலை உதறலை எண்ணும் முறையை நான் கடைசியில்தான் வைப்பேன். மாயக்காட்சி மருந்துகளைச் சோதிக்கவும் அதே உதறலைத்தான் எண்ணுகிறார்கள்.

எல்லா வழிக்கும் பொதுவாக ஒரு ஓட்டை. டிக் வருவதற்கு முன்னால் உள்ளே ஒரு அரிப்பு, ஒரு உந்தல் வருவதாகப் பெரிய பிள்ளைகள் சொல்வார்கள். எலி அதைச் சொல்லாது. அந்த உந்தலைக் கவனிக்கப் பழக்கி, எதிரசைவால் டிக்கைத் தடுக்கும் பயிற்சி 1973-இலேயே மனிதர்களிடமிருந்து வந்தது. 2010-இல் 126 பிள்ளைகளை வைத்த சோதனையில் அதை விரிவாக்கிய முறை பலன் தந்தது. அதற்கு எந்த எலியும் தேவைப்படவில்லை.

சரி, பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் இடைநரம்பணு சுண்டெலியைத்தான் தேர்ந்தெடுப்பேன். எந்த இடம் என்ற கேள்விக்கு ஊசி எலி நிறையவே பதில் சொல்லிவிட்டது. ஏன் என்பதுதான் பாக்கி. குரங்கைத் தொடுவது குரல் டிக்குக்கும் ஆழ்மூளை மின்தூண்டலுக்கும் (மூளைக்குள் மின்முனை பதித்துச் செய்யும் சிகிச்சை) மட்டும், அதுவும் எலியில் பார்க்க முடியாததை எழுதிக் காட்டிய பிறகு. நம் நாட்டில் எலிச் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு அறநெறிக் குழு அனுமதித்தால் போதும், குரங்குக்கு மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும். அந்தக் கூடுதல் படி இருக்க வேண்டியதுதான்.