சாட்டர்ன் 5 ஃபிளைட் மேனுவல்: ஆறு வருடப் புழக்கம்

1968 நவம்பர் 1 தேதியிட்ட இந்த மேனுவலை நாசா தளத்திலிருந்து இறக்கி ஆறு வருடம் ஆகிறது. அந்த வருட டிசம்பரில் அப்பல்லோ 8ஐ நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பற்றி விண்வெளி வீரர்கள் படிப்பதற்காக அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள நாசாவின் மார்ஷல் மையம் தயாரித்தது. இறக்குவது இலவசம்தான். செலவெல்லாம் ஜெராக்ஸ் கடையில்தான்.

முதல் தடவை எல்லாவற்றையும் ஏ4 தாளில் அடித்து ஸ்பைரல் போட்டேன். தப்பு. விரித்துப் பார்க்க வேண்டிய பெரிய படங்கள் சுருங்கி, எழுத்தெல்லாம் எறும்பு வரிசையாகிவிட்டது. போதாததற்கு இரண்டு பக்கங்கள் தலைகீழ். அப்புறம் படங்களை மட்டும் ஏ3யில் எடுத்தேன். இன்றும் மேசையில் கிடப்பது அந்தக் கட்டுதான்.

சார்ட் அட்டையில் நூறில் ஒரு பங்கு அளவில் மாடல் செய்ய உட்கார்ந்தபோதுதான், படத்தின் ஓரத்தில் இருக்கும் 'ஸ்டேஷன்' எண்களின் அருமை தெரிந்தது. அவை ராக்கெட்டின் நெடுக, அங்குலக் கணக்கில் போட்ட எண்கள். கருவிகள் இருக்கும் வளையம் 3222இல் தொடங்கி 3258இல் முடிகிறது. கழித்தால் 36 அங்குலம், அதாவது சுமார் 91 செ.மீ. என் மாடலில் 9 மி.மீ. பட்டை. ஏதோ ஒரு படத்தை அளந்து 14 மி.மீ. வெட்டி ஒட்டியிருந்தேன், பிய்க்க வேண்டியதாயிற்று.

எனக்குப் பிடித்தது ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல் கட்டத்தின் குறுக்குவெட்டுப் படம். மேலே திரவ ஆக்சிஜன் தொட்டி, கீழே கெரசின் தொட்டி. ஐந்து எஞ்சின்களுக்கும் ஆக்சிஜன் கொண்டுபோகும் குழாய்கள் கெரசின் தொட்டிக்குள் புகுந்தே இறங்குகின்றன. உள்ளே ஓடுவது மைனஸ் 183 டிகிரி என்பதால் ஒவ்வொன்றையும் சுற்றி இன்னொரு குழாய். எழுத்தில் வாசித்தபோது இது மண்டையில் ஏறவே இல்லை. ஓரத்து நாலு எஞ்சின்களையும் அசைக்கும் ஹைட்ராலிக்ஸுக்கும் எண்ணெய் அதே கெரசின்தான். படத்தில் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்துவிடும்.

குறை என்றால், எல்லாம் அடி, பவுண்டு, ஃபாரன்ஹீட். கால்குலேட்டர் இல்லாமல் உட்கார முடியாது. நேரக் கணக்குகளும் ஏவுவதற்கு முன் போட்டவை; பறந்தபோது நடந்ததற்கு ஃபிளைட் எவாலுவேஷன் ரிப்போர்ட்டைத் தனியாக எடுக்க வேண்டும்.

நிலவில் இறங்கும் கலத்தின் படத்துக்காக இதை எடுக்காதீர்கள். அப்பல்லோ 8இல் அது போகவில்லை. அந்த இடத்தில் எடைக்காக ஒரு சோதனைப் பொருளைத்தான் வைத்தார்கள். நானும் என் மாடலில் அந்த இடத்தை மூடும் கூம்புக்குள் செத்துப்போன பேட்டரி ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறேன்.